பதிப்பு எண்ணும் ஆய்வின் பகுதியே
சென்ற பருவத்தில், பெங்களூருவில் எங்கள் ஆய்வுக்கூடத்திற்கு வந்த முதுகலை மாணவி ஒருவர் நான்கு நாட்கள் ஒரே பிழைச்செய்தியின் முன் அமர்ந்திருந்தார். இந்தக் குரோம்டிரைவர் குரோமின் 114ஆம் பதிப்பை மட்டுமே ஏற்கும் என்பது அதன் பொருள். ஐந்தாம் நாள், இத்துறை தமக்கு ஒத்துவராது என்று கூறி ஆய்வுத் தலைப்பையே மாற்றித்தரக் கேட்டார். அவர் எழுதிய சோதனை நிரலில் ஒரு பிழையும் இல்லை.

செலினியம் உலாவியை நேரடியாக இயக்குவதில்லை; நடுவே டிரைவர் என்னும் தனி மென்பொருள் நிற்கிறது. இரண்டின் முதன்மைப் பதிப்பு எண்களும் பொருந்த வேண்டும். குரோமோ 2021 முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, நம்மைக் கேளாமலே, தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. 2023இல், 115ஆம் பதிப்பிலிருந்து, டிரைவர்களைத் தரவிறக்கும் இடமும் மாறியது. எங்கள் ஆய்வகக் கையேடு பழைய முகவரியையே காட்டுகிறது. அங்கே 114க்கு மேல் எதுவும் இல்லை. 2022 நவம்பரில் வந்த செலினியம் 4.6 முதல், பொருத்தமான டிரைவரைச் செலினியம் மேனேஜரே தேடி எடுத்துவிடும். ஆனால் கணினியின் பாத் பட்டியலில் பழைய டிரைவர் ஒன்று கிடந்தால் அதற்கே முன்னுரிமை. கையேட்டை அவர் பிசகாமல் பின்பற்றியதே வினையாயிற்று. அக்கோப்பை நீக்கினோம், ஐந்து நிமிடத்தில் சோதனை ஓடியது.

‘தானே முட்டி மோதிக் கற்பதும் பயிற்சிதான்’ என்பார்கள் மூத்தவர்கள். எதை முதலில் பார்ப்பது என்று ஒருமுறையேனும் சொல்லிக்கொடுத்த பின் மோதினால் அது பயிற்சி. அதற்கு முன் மோதுவது வெறும் அதிர்ஷ்டச் சோதனை. 2014இலேயே செலினியம் மாநாடு நடந்த ஊர் இது. சோதனைப் பணியால் பிழைக்கும் குடும்பங்கள் இங்கு எண்ணற்றவை. ஆயினும் நம் பாடத்திட்டம் நிறுவுதலை வகுப்புக்கு வெளியே நிகழும் எடுபிடி வேலையாகவே கருதுகிறது.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் கட்டுரையில் ‘செலினியம் பயன்படுத்தப்பட்டது’ என்ற ஒரே வரிதான் இருந்தது. இரண்டாண்டுகளுக்குப் பின் அச்சோதனைகளை மீண்டும் ஓட்டியபோது சில தோற்றன. தவறு மென்பொருளிலா, சூழலிலா என்று என்னாலேயே கூற இயலவில்லை. பிறர் எவ்வாறு சரிபார்ப்பர்? மறுசெய்கைக்கு உதவும் கட்டுரைகளுக்கு ஏசிஎம் அமைப்பு தனி முத்திரை வழங்குகிறது. நாமோ பதிப்பு எண்ணை எழுதவும் சோம்புகிறோம்.

ஆய்வகப் பதிவேட்டில் ஒரு பக்கம் போதும்: உலாவி, டிரைவர், செலினியம், இயங்குதளம் ஆகியவற்றின் பதிப்பு எண்கள், கண்ட பிழை, நீக்கிய வழி. அதற்கு ஐந்து மதிப்பெண் கொடுங்கள். அம்மாணவி தலைப்பை மாற்றவில்லை. அப்படியொரு பக்கத்தை அவரே எழுதி, அடுத்த அணிக்கு வைத்திருக்கிறார். மதிப்பெண்தான் இல்லை.