புகைக்கும் பொய்க்கணக்கா?

தான் விடும் கரிப்புகையைக் குறைத்து, மிச்சத்துக்கு மரம் நட்டு ஈடுகட்டி, "பாக்கி பூஜ்யம்" என்று பாங்கு காட்டும் கணக்குக்குக் 'கரிச் சமநிலை' என்று பெயர். 2031-32க்குள் அதை எட்டுவோம், 25 லட்சம் மரங்கள் நடுவோம் என்று 2021ல் எச்.டி.எப்.சி. பாங்கு அறிவித்தது. ஸ்டேட் பாங்கு வைத்த கெடு 2030.

மரம் நடட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் இத்தகைய கணக்கில் பெரும்பாலும் சேர்வது எது? பாங்குக் கட்டிடத்தின் விளக்கு, ஏ.சி., ஜெனரேட்டர், கார். பாங்குக் கடனில் எழும்பும் அனல் மின்நிலையத்தின் புகை? அது கடன் வாங்கியவன் புகையாம்! வட்டி மட்டும் பாங்குக்காம்! பசுமைப் பெயர் எடுத்தால் அந்நிய மூலதனம் தேடி வரும். இதுதான் வியாபாரத் தந்திரம்.

மணமேல்குடிக் கடற்கரையில் வாழும் நமக்கு இது ஏட்டுக் கணக்கல்ல. கரிப்புகையால் கடல் சூடேறுகிறது. கடல் சூடேறினால் புயலின் மூர்க்கம் கூடும் என்கிறது விஞ்ஞானம். 2018 நவம்பர் 16ல் கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சூறையாடியதை மறந்தோமா? தென்னை சாய்ந்தது, அதை நம்பிய கூலியும் சாய்ந்தது. அந்த நஷ்டத்தை எந்தப் பாங்கு தன் பேரேட்டில் எழுதியது?

தோழர்களே! பாங்கு கடன் கொடுப்பது ஆலைத் தொழிலாளியும் விவசாயியும் போட்டு வைத்த பணத்தை. ஆகவே கேட்போம்: கடன் கக்கும் புகையையும் கணக்கில் எழுது! அதை ஊரறிய வெளியிடு!