சாலையைக் கடக்க முடியாத ஓட்டக்காரர்

2025 ஜூலை 14, பிற்பகல். பஞ்சாபில் ஜலந்தர்-பதான்கோட் நெடுஞ்சாலை. தன் ஊரான பியாஸ் பிண்ட் அருகே சாலையைக் கடந்துகொண்டிருந்த முதியவரை வேகமாக வந்த கார் ஒன்று மோதித் தள்ளிவிட்டு நிற்காமல் போயிற்று. அன்று மாலையே மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. பெயர் ஃபௌஜா சிங். வயது 114.

லண்டன், நியூயார்க், டொரன்டோ, ஹாங்காங் என்று உலகின் பெருநகரச் சாலைகளில் ஓடியவர் அவர். சொந்த ஊர்ச் சாலை மட்டும் அவரைக் கடக்க விடவில்லை.

விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் கண்டதில்லை. ஐந்து வயதுவரை நடக்கவே முடியாத குச்சிக் கால்கள். வயலும் மாடும் பிள்ளைகளுமாக எண்பது வயதுவரை வாழ்ந்ததில் எந்தச் செய்தியும் இல்லை. 1992-ல் மனைவி போனார். 1994-ல் ஒரு மகன் கட்டட விபத்தில் இறந்தார். இடிந்துபோன தகப்பனை கிழக்கு லண்டனில் இருந்த இன்னொரு மகன் தன்னோடு வைத்துக்கொண்டார்.

இதுவரை நம் வீடுகளில் நடக்கிற கதைதான். கும்பகோணத்திலிருந்து அப்பாவை தில்லிக்கோ மும்பைக்கோ அழைத்து வருகிறோம். வேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, டி.வி. எல்லாம் உண்டு. காலையில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, மொழி தெரியாத ஊரில் பூட்டிய ஃபிளாட்டுக்குள் அவர் என்ன செய்வார் என்று மட்டும் யோசிப்பதில்லை. 'சௌகரியமாக இருக்கிறார்' என்று ஊருக்குத் தகவல் சொல்லிவிடுகிறோம்.

ஃபௌஜா சிங் வீட்டை விட்டு வெளியே இறங்கினார். துக்கத்தை உதற நடந்தார், பிறகு ஓடினார். பயிற்சியாளர் ஹர்மந்தர் சிங்கிடம் முதல் நாள் கோட்டும் சூட்டுமாக வந்து நின்றாராம். 2000-ல், 89 வயதில், லண்டன் மாரத்தானின் 42.195 கிலோமீட்டரை 6 மணி 54 நிமிடத்தில் முடித்தார். 2003-ல் டொரன்டோவில், 92 வயதில், 5 மணி 40 நிமிடம்! தர்ம காரியங்களுக்கு நிதி திரட்ட ஓடினார். பெரிய ஷூ கம்பெனி விளம்பரத்திலும் வந்தார்.

2011 அக்டோபரில் டொரன்டோவில் ஒரே நாளில் 100 மீட்டர் முதல் 5,000 மீட்டர்வரை எட்டு ஓட்டங்கள் ஓடினார். சில நாட்களில், அக்டோபர் 16-ம் தேதி, முழு மாரத்தானையும் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு முடித்தார். நூறு வயதில் மாரத்தான் ஓடி முடித்த முதல் மனிதர் என்று உலகமே கொண்டாடியது.

கின்னஸ் மட்டும் பிறப்புச் சான்றிதழ் கேட்டது. 1911 ஏப்ரல் 1-ல் பிறந்தவர் என்று பாஸ்போர்ட் சொல்லிற்று. நூறாவது பிறந்த நாளுக்கு இங்கிலாந்து மகாராணியின் வாழ்த்துக் கடிதமும் வந்திருந்தது. அவை போதவில்லை. இந்தியாவில் பிறப்பைப் பதிவு செய்வது நாடு முழுவதும் கட்டாயமானது 1969-ம் ஆண்டுச் சட்டத்தால்தான். 1911-ல் ஒரு குடியானவன் வீட்டுக் குழந்தைக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? நம் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் 'பெரிய புயலுக்கு மறு வருஷம்' பிறந்தவர்கள்! அவருடைய வயதில் சந்தேகம் கொள்ள கின்னஸுக்கு உரிமை உண்டு. ஆனால் காகிதம் இல்லாதவன் வாழவே இல்லை என்று ஆகிவிடாது.

2013 பிப்ரவரியில் ஹாங்காங்கில் 10 கிலோமீட்டர் ஓடிவிட்டு, போட்டிகளுக்கு விடை கொடுத்தார். ஊர் திரும்பினார். நடப்பதை மட்டும் விடவில்லை.

காரை ஓட்டியவர் கைதானார். அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. மரியாதை சரி, சாலை? 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பாதசாரி. ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு நெடுஞ்சாலை போடுகிறோம். இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வயல். நடுவில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் வண்டிகள். முதியவர்கள் கடக்க வழி வைப்பதில்லை.

அப்பாவை வீட்டுக்குள் பூட்டி வைப்பதற்கு நாம் சொல்லும் காரணமும் இந்தச் சாலைதான். அந்தக் காரணம் பொய்யில்லை என்பதுதான் வேதனை.