ஏர்போர்ட்ல 'ஓகே' வாங்கியாச்சு... பாராசூட்டுக்கு யார் கேரண்டி?

சேலம்:
விமானத்தில் ஏறி, நடு வானத்தில் கதவைத் திறந்து கீழே குதிக்க வேண்டும். இதுதான் ஸ்கை டைவிங். இங்கிலீஷ் படத்தில் மட்டும் பார்த்து வாயைப் பிளந்த இந்த சாகசம், இப்போது காசு கட்டினால் நம்ம நாட்டிலேயே கிடைக்கிறது. அரியானாவில் நார்னால், மத்தியப் பிரதேசத்தில் உஜ்ஜைனி என்று சின்னச் சின்ன ஓடுதளங்களில் நடக்கிறது. ஒரு தடவை குதிக்க சுமார் 30 ஆயிரம் ரூபாய். ஒரு கட்டிடத் தொழிலாளியின் ஒன்றரை மாச உழைப்பு, சில நிமிஷத்தில் காலி.

இந்த தொழிலுக்கு முதல் தேவை ஒரு ரன்வே. சென்னை, பெங்களூரு மாதிரி பிசியான ஏர்போர்ட்டில் இதற்கு இடம் கிடைக்காது. அதனால் ஸ்கை டைவிங் கம்பெனிக்காரர்கள் மனுவோடு வந்து நிற்பது, அதிகம் விமானம் வராத மாவட்ட ஏர்போர்ட் வாசலில்தான். அப்படி ஒருமுறை கதவைத் திறந்துவிட்டு, ஒரு உயிரைப் பறிகொடுத்த ஊர் சேலம்.

2014-ல் நடந்தது என்ன?

ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கிறது சேலம் விமான நிலையம். 1993-ல் திறந்தார்கள். விமானம் வரும், கொஞ்ச நாளில் நின்று போகும். இதுதான் அதன் ஜாதகம். 2009-ல் கிங்பிஷர் விமானம் வந்தது. 2011-ல் அதுவும் நின்றது. அதன்பிறகு பயணிகள் விமானமே இல்லாமல் ரன்வே சும்மா கிடந்தது.

அந்த நேரத்தில்தான் இங்கே பாராசூட் குதிப்பு முகாம் நடத்த அனுமதி கிடைத்தது. பெங்களூருவில் இருந்து ஐ.டி. இளைஞர்கள் எல்லாம் ஆர்வமாக வந்தார்கள். 2014 பிப்ரவரியில் கணவருடன் வந்த 26 வயது பெங்களூரு பெண் விமானத்தில் இருந்து குதித்தார். பாராசூட் விரியவில்லை. தரையில் விழுந்து பலியானார். நாடு முழுக்க டி.வி.யில் சேலம் பெயர் அடிபட்டது. ஏற்பாட்டாளர்கள் மீது போலீஸ் வழக்கு போட்டது.

அனுமதி இல்லாத திருட்டு முகாம் அல்ல அது. மத்திய அரசுக்குச் சொந்தமான ஏர்போர்ட்டில், பட்டப்பகலில், எல்லோருக்கும் தெரிந்து நடந்தது. பிறகு எப்படி கோட்டை விட்டார்கள்?

கையெழுத்து பல... பைக்கு யார்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. 'ஏர்போர்ட் அனுமதி' என்றால் எல்லாமே செக் பண்ணியாச்சு என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். நிஜம் வேறு. விமானம் பறக்கத் தகுதியானதா, பைலட்டுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பது டி.ஜி.சி.ஏ. என்கிற விமானப் போக்குவரத்து இயக்குநரகம். ரன்வேயை வாடகைக்குத் தருவது இந்திய விமான நிலைய ஆணையம். எந்த நேரத்தில் வானத்தில் ஏறலாம் என்று சொல்வது கண்ட்ரோல் டவர். பந்தோபஸ்து பார்ப்பது உள்ளூர் போலீஸ்.

ஆளாளுக்கு அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்தாலும், குதிப்பவரின் முதுகில் தொங்கும் பையை யார் திறந்து பார்ப்பது? அதை மடித்தவருக்கு என்ன தகுதி? கடைசியாக எப்போது மடித்தார்கள்? இதற்கு அந்தக் காலத்தில் தனியாக ஒரு அரசு கையெழுத்து கிடையாது. கம்பெனி சொன்னதுதான் கணக்கு.

குதித்தவர் சுமார் 200 கி.மீ. வேகத்தில் கீழே வருவார். ஆயிரம் மீட்டரைக் கடக்க 18 வினாடிதான் ஆகும். பெரிய பாராசூட் விரியாவிட்டால், அதை அறுத்துவிட்டு அவசர பாராசூட்டை இழுக்க வேண்டும். பழகினவர் செய்துவிடுவார். ஒருநாள் வகுப்பு கேட்டுவிட்டு வந்த புது ஆளுக்கு பயத்தில் கை ஓடுமா?

அமெரிக்காவில் எப்படி?

இந்த விளையாட்டு அதிகம் நடக்கும் நாடு அமெரிக்கா. 2023-ல் மட்டும் சுமார் 36 லட்சம் தடவை குதித்திருக்கிறார்கள். இறந்தவர்கள் 10 பேர் என்று அந்நாட்டு பாராசூட் சங்கம் கணக்கு சொல்கிறது. இவ்வளவு குறைவாக இருக்கக் காரணம் அதிர்ஷ்டம் இல்லை, கெடுபிடி.

அவசர பாராசூட்டை லைசென்ஸ் பெற்றவர்தான் மடிக்க வேண்டும். நைலான் பாராசூட் என்றால், குதிக்கும் தேதிக்கு முந்தைய 180 நாளுக்குள் மடித்திருக்க வேண்டும். புது ஆளை தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பதற்கு 'டேண்டம்' என்று பெயர். அதைச் செய்யும் பயிற்சியாளருக்கு குறைந்தது 3 வருட அனுபவமும், 500 தடவை குதித்த கணக்கும் வேண்டும். குதிப்பவர் மயங்கிவிட்டால்கூட தானாகவே அவசர பாராசூட்டை விரிக்கும் கருவியும் டேண்டமுக்கு கட்டாயம்.

சர்டிபிகேட்டும் டூப்!

அங்கேயும் ஓட்டை இல்லாமல் இல்லை. கலிபோர்னியாவில் லோடி என்ற ஊரில் உள்ள பாராசூட் மையத்தில் 2016-ல் முதல்முறை குதித்த 18 வயது வாலிபரும், அவரைக் கட்டிக்கொண்டு குதித்த பயிற்சியாளரும் பலியானார்கள். விசாரித்தால், அந்தப் பயிற்சியாளருக்கு முறையான தகுதியே இல்லை. டிஜிட்டல் கையெழுத்தைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தி பயிற்சி சான்றிதழ் கொடுத்த ஆள் குற்றவாளி என்று 2024-ல் கோர்ட்டில் தீர்ப்பானது.

நமக்கும் இது புதுசு இல்லை. 2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் பயிற்சி என்று சொல்லி, 2-வது மாடியில் இருந்து தள்ளிவிடப்பட்ட 19 வயது மாணவி தலையில் அடிபட்டு இறந்தார். பயிற்சி கொடுத்தவருக்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் கைவிரித்தது. மாணவி இறந்த பிறகுதான் அவருடைய தகுதி பற்றிய விசாரணையே தொடங்கியது. உயரம் வேறு, கதை ஒண்ணுதான்.

புதுசா வந்த கொள்கை

சேலம் சம்பவம் நடந்து 8 வருடம் கழித்து, 2022 ஜூனில் தேசிய வான் விளையாட்டுக் கொள்கையை மத்திய அரசு வெளியிட்டது. ஸ்கை டைவிங், பாராகிளைடிங், பலூன் எல்லாம் இதற்குள் வரும். மேலே இந்திய வான் விளையாட்டு கூட்டமைப்பு, அதற்குக் கீழே ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சங்கம். இந்த தொழில் செய்பவர்கள் பதிவு செய்ய வேண்டும், முக்கியமான கருவிகளையும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது கொள்கை. பாதுகாப்பு விதியை மீறினால் அபராதம், சஸ்பெண்ட், நீக்கம்.

நல்ல விஷயம்தான். ஆனால் சங்கம் போடும் அபராதம் ஒரு உயிருக்கு ஈடாகுமா? அலட்சியத்தால் மரணம் ஏற்பட்டால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ பிரிவில் அதிகபட்சம் 2 வருட ஜெயில். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 106-வது பிரிவில் அது 5 வருடம். குதிக்கும் முன் 'உயிருக்கு நானே பொறுப்பு' என்று பாரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதை வைத்துக்கொண்டு கம்பெனி கிரிமினல் கேசில் இருந்து தப்பிக்க முடியாது.

வேண்டாம்னு விரட்டிடலாமா?

அதுவும் சரி இல்லை. சும்மா கிடக்கும் ரன்வேயில் நாலு பேர் வந்து போனால் ஆட்டோ, டீக்கடை, லாட்ஜ் எல்லாம் ஓடும். அமெரிக்காவில் மத்திய அரசு நிதி வாங்கிய ஏர்போர்ட், ஸ்கை டைவிங் கம்பெனியை சும்மா 'முடியாது' என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆபத்து இருக்கிறது என்றால் என்ன ஆபத்து என்று காட்ட வேண்டும். கம்பெனி மேலே புகார் கொண்டு போனால், ஏர்போர்ட் சொன்ன காரணம் சரியா என்று மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் விசாரிக்கும். வேண்டியவருக்கு ஒரு நியாயம், வேண்டாதவருக்கு ஒரு நியாயம் எல்லாம் அங்கே எடுபடாது.

சேலத்தின் நிலைமையும் இப்போது மாறிவிட்டது. 2018 மார்ச்சில் தொடங்கிய சென்னை விமானம் 2021-ல் நின்றாலும், 2023 அக்டோபரில் மீண்டும் சேவை வந்தது. பைலட் பயிற்சிப் பள்ளிக்கும் இந்த ஏர்போர்ட் தேர்வானது. 2014-ல் காலியாக இருந்த வானம் இப்போது காலி இல்லை. பயணிகள் விமானம் இறங்கும் பாதையில் பாராசூட்டும் இறங்கினால் ஆபத்து இரண்டு மடங்கு. சுற்றிலும் தோட்டம், வீடு, மின்கம்பி. ஏர்போர்ட் விரிவாக்கத்துக்கு நிலம் போய்விடுமே என்று 2018-ல் கொதித்தெழுந்த ஊர் ஜனங்களுக்கு, கூரை மேல் என்ன விழும் என்று கேட்கவும் உரிமை உண்டு.

குதிக்கும் முன் கேளுங்க

சேலமோ வேறு ஊரோ, பணம் கட்டும் முன் இந்த நாலு கேள்வியை கம்பெனியிடம் கேட்க வேண்டும்.

1. அவசர பாராசூட்டை மடித்தது யார், எந்த தேதியில்? அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

2. தானாக விரிக்கும் கருவி பையில் இருக்கிறதா, ஆன் செய்திருக்கிறதா?

3. பயிற்சியாளர் எத்தனை தடவை குதித்தவர்? சான்றிதழ் கொடுத்த சங்கம் எது?

4. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் யாருக்கு, எவ்வளவு?

பதில் சொல்லாமல் மழுப்பினால் வந்த வழியே வீடு திரும்புவது நல்லது.

அதிகாரிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நாளைக்கே ஒரு கம்பெனி எந்த மாவட்ட ஏர்போர்ட்டுக்கு மனு கொண்டு வந்தாலும், ரன்வே வாடகையைப் பேசும் முன் பாராசூட்டை செக் பண்ணப் போகும் அதிகாரி யார் என்பதை பெயர், பதவியோடு எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். கையெழுத்து போட ஆள் இல்லை என்றால், அனுமதியும் கிடையாது என்று சொல்லிவிட வேண்டும். விபத்து நடந்த பிறகு 'அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லை' என்று ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டுவதற்கு இன்னொரு உயிர் போக வேண்டுமா?