கச்சத்தீவு: யாரிடம் கேட்டார்கள்?

தமிழகத்தில் தேர்தல் நெருங்கினால் கச்சத்தீவும் கூடவே வரும். 2024 மார்ச்சில் இந்தியப் பிரதமர் மோடி அதைக் கையில் எடுத்தார். 2025 ஏப்ரல் 2ஆம் திகதி, தீவை மீட்க வேண்டும் என்று தமிழகச் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதி யாழ்ப்பாணம் வந்த எமது ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, அத்தீவுக்கே நேரில் சென்று வந்தார். 285 ஏக்கர் நிலம். குடிநீர் இல்லை, குடியிருப்பு இல்லை. ஓர் அந்தோனியார் ஆலயம் உண்டு. வகுப்பில் படத்தைக் காட்டி எங்கே என்று கேட்டால், பிள்ளைகள் நெடுந்தீவில் விரலை வைத்துவிட்டு "இதுதானே சேர்" என்பார்கள்.

1974 ஜூனில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் செய்த ஒப்பந்தத்தால் தீவு எமது எல்லைக்குள் வந்தது. அன்றைய முதல்வர் கருணாநிதி எதிர்த்தும் டில்லி கேட்கவில்லை. அங்கேதான் சட்டச் சிக்கல் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் பேருபாரியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க நேரு உடன்பட்டபோது, அரசியலமைப்பைத் திருத்தாமல் நிலத்தைக் கையளிக்க முடியாது என்று 1960இல் இந்திய உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. 1974 மே மாதம் பங்களாதேஷுடன் செய்த எல்லை ஒப்பந்தமும், 2015இல் அரசியலமைப்பு திருத்தப்பட்ட பின்னரே முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கச்சத்தீவுக்கு மட்டும் திருத்தம் எதுவும் வரவில்லை. அது கையளிப்பு அல்ல, உரிமை தீராத இடத்தில் எல்லையை வகுத்ததுதான் என்பது டில்லியின் வாதம். 1976 மார்ச்சில் பரிமாறப்பட்ட கடிதங்கள் இந்திய மீனவர் எமது கடலில் தொழில் செய்வதையும் நிறுத்தின. அப்போது தமிழகத்தில் மாநில அரசே இல்லை. ஜனவரி 31இல் அது கலைக்கப்பட்டிருந்தது.

எனவே தமிழகத்தின் மனக்குறையில் நியாயம் உண்டு. ஆனால் தீவு திரும்பிப் போனாலும் இழுவைப் படகுகளின் பிரச்சினை தீராது. எல்லைக் கோட்டிலிருந்து தீவு ஏறத்தாழ ஒரு மைல்தான். அந்தப் படகுகளோ அதையும் தாண்டி, யாழ்ப்பாணக் கரையையும் மன்னார்க் கரையையும் நெருங்கி வருகின்றன. போர்க்காலத்தில் கடலுக்குப் போகத் தடை. 2009க்குப் பின் கடனுக்கு வலை வாங்கிய எம்மவரின் வலைகளை அவை அறுத்துச் சென்றன. வாரத்தில் மூன்று இரவுகள் அவற்றுக்குப் பயந்து வலை போடாமல் கரையில் இருந்தவர்கள் பலர். நட்டப்பட்டவர்களில் மன்னார் முஸ்லிம் மீனவரும் உண்டு.

தமிழகத்தின் சொந்தச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். சிறு மீனவரைக் காக்க, கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் இயந்திரப் படகுகள் தொழில் செய்வதை 1983ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தன் கரையில் வேண்டாம் என்பதை எமது கரையில் எப்படி உரிமை என்கிறார்கள்? கடற்றொழில் இந்திய அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் உள்ள விடயம். ஒப்பந்தத்தில் டில்லி கேட்கவில்லை என்பது உண்மை. இழுவைப் படகைக் கட்டுப்படுத்த சென்னைக்கு டில்லியின் அனுமதி தேவையில்லை என்பதும் உண்மை.

எம் பக்கத்திலும் கதை வேறல்ல. 1974இல் நெடுந்தீவு மக்களிடமோ குருநகர் மக்களிடமோ கொழும்பு கேட்கவில்லை. 13ஆம் திருத்தத்தின்படி, ஆட்புலக் கடலுக்கு உட்பட்ட மீன்பிடி மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான பட்டியலில் இருக்கிறது. ஆனால் வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பல ஆண்டுகளாகத் தேர்தல் இழுபட்டது. இழுவை மடித் தொழிலைத் தடை செய்த 2017ஆம் ஆண்டுச் சட்டம்கூட, யாழ். மாவட்ட உறுப்பினர் சுமந்திரன் பாராளுமன்றத்தில் கொண்டுவந்த தனிநபர் பிரேரணையால் வந்ததுதான். அந்தச் சட்டம் குருநகர்ப் படகுகளுக்கும் பொருந்தும் என்பதை நம்மவர் சிலர் பேச விரும்புவதில்லை.

மேசையில் இடமில்லாதவர்களின் நிலை எமக்குத் தெரியும். 1987 ஜூலை 29ஆம் திகதிய இந்திய-இலங்கை ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைக்க வழிசெய்தபோது, முஸ்லிம்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மாகாண சபை வேண்டாம் என்று அதனால் சிலர் சொல்லக்கூடும். என் கருத்து வேறு. சபை இருந்தால் அதற்குள் எமது பங்கைக் கேட்டு வாதாடலாம். இல்லாத சபையில் யாரிடம் கேட்பது? வடக்கின் மீனவப் பிரதிநிதிகளும் தமிழக மீனவப் பிரதிநிதிகளும் முன்னரும் நேரில் பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு மீண்டும் தொடங்குமானால், மன்னாரிலிருந்து ஒரு முஸ்லிம் மீனவரும் அந்த மேசையில் அமர வேண்டும் என்று எமது மீனவர் சங்கங்கள் இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.