பழைய வேனுக்கு வேறு எஞ்சின்: மிச்சம் எத்தனை லீற்றர்?

2022 ஜூனில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபா வரை ஏறியது. அந்த ஆண்டில் இரவு பகலாக வரிசையில் நின்றதை நமது வியாபாரிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் ஆரம்பமான போதிலும், வரியோடு சேர்ந்த விலை சிறு வியாபாரியின் கைக்கு எட்டவில்லை. எனவே, சந்தைக்கும் கடைக்கும் ஓடும் பழைய டொல்பின் வேனை வைத்துக்கொண்டு, எஞ்சினை மட்டும் மாற்றினால் டீசல் மிச்சமாகுமா என்று பலரும் யோசிக்கிறார்கள். யோசனை தவறல்ல. ஆனால் கணக்குப் பார்க்காமல் இறங்குவது தவறு என்பதே என் கருத்து.

"லீற்றருக்கு இரண்டு கிலோமீற்றர் கூட ஓடும்" என்று சொல்லித்தான் எஞ்சின் விற்கிறார்கள். இந்தப் பேச்சு கேட்க இனிக்கும். லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடிய வேன் 8 ஓடினால், 100 கிலோமீற்றருக்கு 4 லீற்றருக்கு மேல் மிச்சம். 12 ஓடியது 14 ஓடினால் மிச்சம் 1.2 லீற்றர் மட்டுமே. இரண்டும் "இரண்டு கிலோமீற்றர் கூட" தான். ஆகவே 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்றே கேளுங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வேன் 9இலிருந்து 11க்கு வருகிறது. 100 கிலோமீற்றருக்கு 2 லீற்றர் மிச்சம். டீசல் 300 ரூபா என்றும், எஞ்சின், கூலி, சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து 6 இலட்சம் ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடுபவருக்கு மிச்சம் 9,000 ரூபா. போட்ட பணம் திரும்ப ஐந்தரை வருடத்துக்கு மேல் செல்லும். மாதம் 4,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கோ 25 மாதம் போதும். ஒரே வேன், ஒரே எஞ்சின். ஓட்டம்தான் இலாபத்தைத் தீர்மானிக்கிறது.

பழைய எஞ்சின் முற்றாகப் பழுதாகிவிட்டால் கணக்கு வேறு. எப்படியும் ஓவர்ஹோல் செய்யப் பணம் போகத்தான் போகிறது. அந்தச் செலவைக் கழித்து, மேலதிகமாகப் போடும் தொகையை மட்டும் டீசல் மிச்சத்தோடு ஒப்பிட வேண்டும். நன்றாக ஓடும் எஞ்சினைக் கழற்றுவதை விட, இந்த நிலையில் மாற்றுவதே பெரும்பாலும் புத்தி.

சிறிய எஞ்சின் என்றால் குறைவாகக் குடிக்கும் என்று எண்ணுவதும் சரியல்ல. பாரம் ஏற்றிய உயரமான வேனைச் சிறிய எஞ்சின் மூச்சு வாங்கி இழுக்கும். மேடுகளில் கீழ் கியரிலேயே ஓட நேரும். எஞ்சினுக்குப் பொருந்தாத கியர்பொக்ஸும் டிபரன்ஷலும் இருந்தால் கிடைக்க வேண்டிய மிச்சமும் போய்விடும். கியர்பொக்ஸோ டயரின் அளவோ மாறினால் மீற்றர் காட்டும் தூரமே பிழைக்கலாம். ஆகவே வீதியோரக் கிலோமீற்றர் கற்களோடு மீற்றரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்கு முன், இப்போதைய செலவை அளந்துகொள்ளுங்கள். தாங்கியை நிரப்பி, வழமையான பாதையில் வழமையான பாரத்தோடு ஓடி, அதே ஷெட்டில் மீண்டும் நிரப்புங்கள். மூன்று முறையாவது செய்தால்தான் நம்பலாம். டயரில் காற்று, பிரேக் இறுக்கம், எயார் ஃபில்டர், இன்ஜெக்டர் என்பவற்றையும் பாருங்கள். சில ஆயிரம் ரூபாவில் தீரும் குறைக்கு இலட்சங்களைக் கொட்டுவது வீண்விரயம். அதை மார்க்கமும் விரும்புவதில்லை.

பஞ்சிகாவத்தையில் எஞ்சின் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும் பற்றுச்சீட்டையும் இறக்குமதி ஆவணத்தையும் கேட்டு வாங்குங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிய எஞ்சின் இலக்கத்தைப் பதியாமல் விட்டால், விற்கும்போதும் காப்புறுதி கேட்கும்போதும் சிக்கல் வரும். நாளை அந்த வேனை இன்னொருவருக்கு விற்கும்போது எஞ்சின் மாற்றியதை மறைக்காமல் சொல்லுங்கள். குறையைச் சொல்லி விற்பதில்தான் பரக்கத் இருக்கிறது.

ஆகவே, முதலில் மூன்று மாதம் ஒரு கொப்பியில் தூரத்தையும் லீற்றரையும் எழுதி வாருங்கள். எஞ்சினை மாற்றுவதா வேண்டாமா என்பதை, இன்ஷா அல்லாஹ், அந்தக் கொப்பியே சொல்லிவிடும்.