பழக்குவோன் உள்ளம்

வேலை முடிந்து மாலையில் வீடு திரும்புகின்றான் ஒருவன். வாயிலில் அவனுடைய புதுச் செருப்பு வார் அறுந்து கிடக்கின்றது. மூலையில் நாய்க்குட்டி உறங்குகின்றது. அவன் சினந்து அதட்டுகின்றான். குட்டி வாலை ஒடுக்கி, காதுகளை மடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பதுங்குகின்றது. "தன் குற்றத்தைத் தானே உணர்ந்து நாணுகின்றது, பாருங்கள்!" என்று அவன் வீட்டாரிடம் கூறுகின்றான். இவ்வாறு கூறாத நாய் வளர்ப்போர் அரியர்.

அஃது உண்மையில் நாணந்தானா? நியூயார்க் நகரத்துப் பார்னார்டு கல்லூரியைச் சார்ந்த அலெக்சாண்டிரா ஹோரோவிட்சு என்னும் அறிஞர், 2009ஆம் ஆண்டில் இது பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். நாய்க்கு உரியவர் தின்பண்டம் ஒன்றைக் காட்டி, அதனை உண்ணலாகாது எனக் கட்டளையிட்டு வெளியே செல்வார். அவர் திரும்பியதும், நாய் உண்டது என்றோ உண்ணவில்லை என்றோ அவருக்குச் சொல்லப்படும். சிலபோது அச்சொல் பொய்யாகவும் இருக்கும். உண்ட நாயும் உண்ணாத நாயும் அதட்டப்பட்டபோது ஒரே வகையாகப் பதுங்கின. அன்றியும், பிழையொன்றும் செய்யாமல் வசை பெற்ற நாய்களிடத்தே அத்தோற்றம் மிகுந்து காணப்பட்டது! ஆகவே மனிதன் நாணம் என்று கொண்டது, அவனுடைய அதட்டலுக்கு நாய் காட்டும் மறுமொழியே ஆகும்.

நாயைப் பழக்கப் புகுவோன் முதற்கண் தன் சினத்தைப் பழக்குதல் வேண்டும். நண்பகலில் கடித்த செருப்புக்காக மாலையில் விழும் அடியைக் குட்டி அச்செருப்போடு இணைத்து எண்ணுவதில்லை. தலைவன் வீடு திரும்பும் வேளை அடி விழும் வேளை என்றே அது கற்றுக்கொள்கின்றது. அது கடித்ததற்கும் காரணம் உண்டு. ஏறத்தாழ நான்காம் திங்கள் முதல் ஏழாம் திங்கள்வரை பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. ஈறு உறுத்துவதால் குட்டி கிடைத்ததையெல்லாம் கடிக்கின்றது. செருப்பை அதன் வாய்க்கு எட்டும் இடத்தில் விட்டுச் சென்றவன் யாவன்? குட்டியன்று!

பொறுமையுடையோன் செருப்பை உயரத்தில் வைப்பான். கடித்தற்கு உரிய வேறொரு பொருளைத் தருவான். குட்டி அதனைக் கடிக்கும் அந்நொடியிலேயே தட்டிக்கொடுப்பான். காலந்தாழ்த்தால் பாராட்டும் பயன்படாது.

அடித்தாலும் நாய் பணியும் என்பார் உளர். பணியும்; ஆயினும் அச்சத்தாற் பணிந்த நாய் அவ்வச்சத்தாலேயே ஒருநாள் கடிக்கவும் கூடும். கடிபடுவது அந்த வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

அழைத்தவுடன் வாராது சற்றுப் பொறுத்து வந்த குட்டியை அடிப்போரும் உண்டு. வந்து சேர்ந்தமைக்காகவே அடி பெற்றதாக அது கொள்ளும். மறுநாள் அவர் தெருவில் நின்று எத்துணை முறை கூவி அழைத்தாலும், அது தொலைவிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.