பொய்யரைத் தேடி மெய்யரைத் தள்ளலாமா?

வண்ணாத்திவில்லுப் பக்கத்துக் கிராமமொன்றில் சில வருடங்களுக்கு முன் விதை வெங்காயம் பகிர்ந்தளிப்பதற்காகக் கூட்டமொன்று கூடியது. பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "அந்த உம்மாவுக்கு மன்னாரிலயும் பதிவு இருக்குது. இஞ்ச பொய் சொல்லி எடுக்கிறா" என்றார். அந்த வயோதிப மாது பதில் சொல்லவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டார்.

பிறகு விசாரித்தபோதுதான் விடயம் தெரிந்தது. மன்னாரில் பதிந்திருந்தது முசலிப் பகுதிக்குத் திரும்பிப் போன அவருடைய மகனின் குடும்பம். பழைய குடும்ப அட்டையைப் பார்த்துப் பதிந்தபடியால் தாயின் பெயரும் அங்கே ஏறிவிட்டது. தாயோ மகளுடன் இங்கேயே தங்கிவிட்டார். அங்கு அவர் ஒரு சதமும் பெற்றதில்லை. இது தெளிவானபோது விதையும் முடிந்துவிட்டது, நடுகைக் காலமும் போய்விட்டது. கூட்டத்தில் குற்றம் சொன்னவர் அதைக் கூட்டத்தில் திருப்பி எடுக்கவுமில்லை.

பொய்ப் பெயர்கள் இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. இருக்கின்றன. ஒரே குடும்பம் இரண்டு அட்டை வைத்திருப்பதும், ஊரில் இல்லாதவரின் பெயரில் இன்னொருவர் ஒப்பமிடுவதும் நாம் அறியாதவையல்ல. அவ்வாறான ஒரு பொய்ப் பெயர் தகுதியுள்ள ஒரு குடும்பத்தின் பங்கைத் தின்றுவிடுகிறது. அதுமட்டுமன்று. "அகதிகள் எல்லாரும் இப்படித்தான்" என்ற பேச்சுக்கும் அதுவே வித்தாகிறது. ஆகவே விசாரிக்கத்தான் வேண்டும். எப்படி விசாரிப்பது என்பதே கேள்வி.

முதலில், பத்திரம் ஒவ்வாதிருப்பது பொய்க்கு அத்தாட்சியாகாது என்பதை மனதிற் கொள்ளவேண்டும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவருக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம் மாத்திரமே. பலருடைய காணி உறுதியும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் வீட்டோடு நின்றுவிட்டன. அதன்பின் எழுதப்பட்ட பெயர்களைப் பாருங்கள். பிறப்புப் பதிவில் பாத்தும்மா, அடையாள அட்டையில் பாத்திமா. ஒரு படிவத்தில் முகைதீன், மற்றதில் மொஹிதீன். சிங்களத்தில் எழுதி, ஆங்கிலத்தில் மாற்றி, மீண்டும் தமிழுக்கு வரும்போது ஒருவர் மூவராகிவிடுகிறார். 2009இல் யுத்தம் முடிந்தபின் பாதிக் குடும்பம் சொந்த ஊருக்குப் போனது, பாதி இங்கே நின்றது. இடம்பெயர்ந்தவர் தமது பழைய ஊரின் வாக்காளர் இடாப்பில் பதிவதற்கு 2013இல் விசேட சட்டமொன்றும் வந்தது. ஆகவே புத்தளத்தில் குடியிருப்பவரின் பெயர் மன்னார் இடாப்பில் இருப்பதைக் கண்டவுடன் கள்ளன் என்று கூவுவது அறியாமையாகும்.

பத்திரத்தை மாத்திரம் பார்த்து மனிதரை அளந்தால் என்ன நேரும் என்பதற்கு நமது நாடே சாட்சி. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கு பிறந்த தோட்டத் தொழிலாளரிடமும் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்பதற்கு அத்தாட்சி கேட்டது. இல்லாவிடில் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததைக் காட்டவேண்டும். பிறப்பே பதியப்படாத லயன்களில் அதற்கு எங்கே போவது? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோருக்கு 2003இல்தான் சட்டம் மூலம் முடிவு கிடைத்தது. இந்தியாவின் அசாம் மாநிலத்தில் 2019 ஓகஸ்ட் 31ஆம் திகதி வெளியான குடிமக்கள் பதிவேட்டிலும் 19 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயர் விடுபட்டது. அங்கும் எழுத்துப் பிழையால் தவித்தவர் பலர்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2019 ஜனவரியில் இதே வண்ணாத்திவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்திலிருந்து பெருந்தொகை வெடிபொருட்களைப் பொலிசார் கைப்பற்றினர். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று 250க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆகவே, சந்தேகமே கூடாது என்று எவரும் சொல்லமுடியாது. உயிராபத்தான விடயமானால் உடனே பொலிசுக்கு அறிவிப்பது கடமை. ஆனால் பங்கீட்டுச் சந்தேகம் வேறு, அந்தச் சந்தேகம் வேறு. அவ்வருடம் இரண்டையும் ஒன்றாக்கியதால் ஒன்றுமறியாத ஏழைகள் பலர் அயலவர் முன்னே கூனிக் குறுகி நின்றார்கள்.

அப்படியானால் எமது சங்கங்கள் என்ன செய்யலாம்?

பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டி, ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு வாரம் கொடுங்கள். ஆட்சேபத்தை எழுத்தில், பெயருடன் தரச் சொல்லுங்கள். மொட்டைக் கடிதத்தின் பேரில் எவரையும் நிறுத்தவேண்டாம். இடம்பெயர்ந்தவர் ஒருவர், உள்ளூரவர் ஒருவர், கட்டாயமாக ஒரு பெண் என மூவர் விசாரிக்கட்டும். முதலில் சம்பந்தப்பட்டவரை அவர் வீட்டில் தனியே சந்தித்துக் கேளுங்கள். கேட்கும் கேள்வி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். நமக்குப் பிடிக்காதவருக்கு மட்டும் மேலதிகப் பத்திரம் கேட்பது விசாரணையாகாது. பத்திரம் இல்லையென்றால் பழைய ஊரைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தீர்கள்? அயலில் யார் இருந்தார்? பிள்ளை எங்கே படித்தது? அவ்வூரைச் சேர்ந்த, உறவில்லாத இரண்டு பெரியவர்கள் உறுதிசெய்தால், சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடிக்க உதவுங்கள். முடிவு வரும்வரை அவருடைய பங்கை ஒதுக்கி வையுங்கள், பிறருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பொய்யென நிரூபணமானால் பெயரை நீக்குங்கள், அத்துடன் நிறுத்துங்கள். தகப்பன் செய்ததற்காகப் பாடசாலையில் பிள்ளை தலைகுனியக்கூடாது. காசு வாங்கிக்கொண்டு பெயர் சேர்த்தவர் யாரென்பதையும் தேடுங்கள். ஏழை ஒப்பமிட்டார் என்றால் அவருக்குப் பேனாவை நீட்டியவரும் ஒருவர் இருந்திருப்பார். சாட்டிய குற்றம் பிழையானால், எந்தக் கூட்டத்தில் சாட்டப்பட்டதோ அதே கூட்டத்தில் அதைத் திருப்பி எடுக்கவேண்டும். இதைச் சங்க யாப்பிலேயே எழுதிவிடுவது நல்லது.

1990இல் மன்னாரிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர்களைப் புத்தளத்து மக்கள் எப்படி வரவேற்றார்கள் என்பதை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். வீடுகளையும் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். முதலில் சோறு போட்டார்கள், பெயரைப் பிறகுதான் எழுதினார்கள். அந்த நம்பிக்கையால் பிழைத்த நாம் ஒருவரையொருவர் அளக்கும்போது அதைவிடச் சிறிய படியை எடுக்கலாமா?